கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரம்

சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். விமானத்தில் போனால் நான்கு மணி நேரம். இந்த இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம். மனப்பாடமான எதையும் யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பவனுக்கு வரும் தொழில் வியாதிகளில் இது ஒன்று. இன்னொன்று முதுகுவலி. முதுகுவலியால் இதுவரை யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, புதுப்பட்டினத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர் குடும்பம். வீட்டுக்காரர் கடைத்தெருவில் குடை, மழைக்கோட்டு, பள்ளிக்கூடப் பை விற்றவர். ஊரே அவரை பாய் என்று கூப்பிட்டது, நானும் அப்படியே. அவர் என்னை "மாடி சார்" என்பார். என் புத்தகம் ஒவ்வொன்று வரும்போதும் அவருக்கு ஒரு பிரதி கொடுப்பேன். அவற்றைக் கடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். ஈரக்குடையைச் சாய்த்து வைக்க அந்த உயரம் தோதாக இருந்தது. என் எழுத்து சமூகத்துக்குப் பயன்பட்டதற்கு என்னிடம் உள்ள ஒரே சாட்சி அதுதான்.

நான்கு வருடங்களுக்கு முன் அவருடைய பையனுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. பாயின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே பையன், கடல் தாண்டிப் போவதா என்று அழுகை. பாய்க்கும் மனம் இல்லை. ஆனால் பையனின் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, யாரும் கூப்பிடாமலே நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன்.

"பாய், இங்கேருந்து திருநெல்வேலிக்கு பஸ்ல எவ்வளவு நேரம்?"

"அது ஆவும் பத்து, பன்னெண்டு மணி நேரம்."

"கோலாலம்பூருக்கு நாலு மணி நேரம். இப்ப சொல்லுங்க, எது தூரம்?"

பாய் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்ப திருநெல்வேலிதான் ஃபாரின்னு சொல்லு!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு ஆத்திரம் அவசரம்னா?" என்று கேட்டார்.

"அவசரம்னாலும் அதே நாலு மணி நேரம்தான் அக்கா. காலைல நாஸ்தா அங்க, மத்தியானச் சோறு இங்க."

எழுதியதை அடித்துவிடலாம். சொன்னதை அடிப்பதற்கு இன்னும் வழி இல்லை. பையன் போய்விட்டான். அன்றிலிருந்து பாய் கடைக்கு வரும் ஆட்களிடமெல்லாம், "பையன் இன்னா தூரத்துலயா கீறான்? நாலு மணி நேரம்" என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லும்போது கையால் தெருக்கோடியைக் காட்டுவார். கோலாலம்பூர் என்னவோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருப்பதுபோல.

போன வருடம் ஐப்பசி கடைசியில் பையன் முதல் தடவையாக லீவில் வந்தான். வந்தான் என்று பழக்கத்தில் எழுதுகிறேன். கிளம்பினான் என்பதுதான் சரி.

மூன்று நாளாக மழை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செல்பேசியில் செய்தி வந்தபடி இருந்தது. படகுகளையெல்லாம் மேலே இழுத்துப் போட்டுவிட்டார்கள். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. எங்கள் தெரு கடலிலிருந்து அரை கிலோமீட்டர். சாதாரண நாளில் அலைச் சத்தம் காதில் விழாது. அந்த மூன்று நாளும் கட்டிலுக்கு அடியில் யாரோ பீப்பாய் உருட்டுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளிநாட்டிலிருந்து ஒருவன் வந்தால் எங்கள் பக்கத்தில் வீடே வேன் பிடித்து விமான நிலையத்துக்குப் போகும். வருபவன் ஒருவன், அழைக்கப் போவது பதினான்கு பேர், திரும்பும்போது அவனுக்கு உட்கார இடம் இருக்காது. பாயும் வேன் சொல்லி வைத்திருந்தார். கடைக்கு லீவு விட்டிருந்தார். ஆனால் அன்று காலை எட்டு மணிக்கு வேனை வேண்டாமென்று அனுப்பிவிட்டார். மருமகன் மட்டும் தன் காரை எடுத்துக்கொண்டு போனான்.

"இன்னாமோ நெஞ்சுல கேஸ் கட்டிகினு கீது சார்," என்றார் என்னிடம். "விடியக்காலம் ஆறு மணிலேந்து. மழைல அவ்ளோ தூரம் எதுக்கு? வூட்லயே இருந்து பாப்போம்."

மூன்று வருடமாக ஒரு நாளுக்காகக் காத்திருந்த மனிதர், அந்த நாள் வந்ததும் வேனைத் திருப்பி அனுப்புகிறார். இதில் ஏதோ சரியில்லை என்று அந்த வேன் டிரைவருக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், அப்படியானால் இன்று நான் விமானத்தைக் காட்டலாம் என்பதுதான்.

எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று படம் காட்டும் ஆப் ஒன்று என் செல்பேசியில் உண்டு. மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம் நீல நிறக் கடல்மேல் நகரும். கார் நிறுத்தும் இடத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் பாய் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு நான். உள்ளே பிரியாணிக்கு வெங்காயம் வதங்கும் வாசனை. மதுராந்தகத்திலிருந்து வந்திருந்த மகள் உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தபடி இருந்தாள். நம் நேரம் ஒன்பது பத்துக்கு மஞ்சள் விமானம் கிளம்பியது. "ஏறிட்டான்!" என்று நான்தான் கத்தினேன். பாய் கண்ணை மூடி ஏதோ ஓதி, கையை முகத்தில் தடவிக்கொண்டார்.

"இப்ப எங்க?"

"பினாங்கு பக்கம்."

"இப்ப?"

"கடலுக்கு வந்துட்டான்."

"இனிமே முழுக்க கடலா?"

"சென்னை வரைக்கும் கடல்தான்."

"நடுவுல ஏதுனா ஒண்ணுன்னா, எறங்கி நிக்க எடமே கெடையாதா?"

"நிக்கோபார் இருக்கு," என்றேன், ஏதோ பேருந்து நிறுத்தம்போல.

நடுக்கடலில் அந்த ஆப்புக்கே விமானம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. சமிக்ஞை கிடைக்காத இடத்தில் உத்தேசமாக நகர்த்திக் காட்டும். அதை நான் படித்திருக்கிறேன். பாயிடம் சொல்லவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த காட்சி அது.

பத்தரை மணிக்கு மகள் அப்பாவுக்கு ஓமத்தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்கக் குனிந்தவரின் சட்டைக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அத்தா, இன்னா இது, இப்டி நனைஞ்சிருக்கு? மழைல போனியா?" என்றாள்.

அவர் எங்கேயும் போகவில்லை. எனக்குப் பக்கத்திலேயேதான் ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். இடது தோளை வலது கையால் தேய்த்தபடியே இருந்தார். அதை நான் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் என் கவனம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

தெருமுனை டாக்டரை மகளே போய்க் குடையில் கூட்டிவந்தாள். அவர் நாடி பிடித்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ஒரு மாத்திரையை மெல்லச் சொன்னார். "செங்கல்பட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் இல்ல, இப்ப. இங்க என்னால பண்றதுக்கு ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லும்போது பாயைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார்.

பதினொன்றுக்குப் பள்ளிவாசல் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. டிரைவர் பாயின் கடையில்தான் மழைக்கோட்டு வாங்கியவன், அதையே போட்டிருந்தான்.

"ஏறு நைனா. மழைல ரோடு பேஜாரா கீது, சீக்கிரம் போய்டலாம்."

பாய் எழுந்திருக்கவில்லை. "டேய், மொதல்ல வண்டிய வாசல்லேந்து எடு. புள்ள வந்து எறங்கறப்போ வூட்டாண்ட இத்தப் பாத்தான்னா இன்னா நெனைப்பான்? அந்த டிரான்ஸ்ஃபார்மராண்ட வுடு."

"நீ ஏறுனா நான் இங்கேந்தே போய்டுவேன்."

"பையன் வந்துடட்டும். ஒரு வாய் சேந்து சாப்ட்டுட்டு, அவனையும் கூட்டிகினு போலாம். அவன் வர்றப்போ நான் ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

அக்கா உள்ளே இருந்து வந்து கெஞ்சினார். மகள் அதட்டினாள். பாய் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி தலையாட்டினார். மகள் என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்களாவது சொல்லுங்க. நீங்க சொன்னா அத்தா கேக்கும்."

உண்மைதான். நான் சொன்னால் கேட்பார். நான் செல்பேசியைப் பார்த்தேன்.

"இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம்தாம்மா. நிக்கோபாரை எப்பவோ தாண்டிட்டான்."

"பாத்தியா," என்றார் பாய். "சாரே சொல்றாரு."

டிரைவர் வண்டியை எடுத்து டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். மேலே இருந்த நீல விளக்கை அணைக்க மறந்துவிட்டான். மழையில் அது சுற்றிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுச் சுவரில் நீலம் விழுந்து மறைந்து, மறுபடி விழுந்துகொண்டிருந்தது. அடுத்த இரண்டு மணி நேரமும் நாங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பன்னிரண்டே முக்காலுக்கு மஞ்சள் விமானம் கரையை நெருங்கியது. தெருக்காரர்கள் நாலைந்து பேர் குடையோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். மாமல்லபுரத்துக்கு நேராகக் கடலில் வந்த விமானம், சென்னை பக்கம் திரும்புவதற்குப் பதிலாகத் தெற்கே திரும்பியது. நீள்வட்டமாக ஒரு சுற்று. மறுபடி வந்த இடத்துக்கே வந்தது.

"இன்னா சார், வழி தெரியலயா அவனுக்கு?" என்று பின்னால் ஒருவர் சிரித்தார்.

"மழை. எறங்க இடம் கிடைக்கிற வரைக்கும் சுத்துவாங்க."

இரண்டாவது சுற்றில் பாய் திடீரென்று விரலைத் தூக்கினார். "பேசாம இருங்க." எல்லோரும் வாயை மூடினோம். மழைக்கும் கடலுக்கும் மேலே, மேகத்துக்குள், மெல்லிய இரைச்சல் ஒன்று. அது இந்த விமானம்தானா என்று எனக்குத் தெரியாது. பாய்க்குத் தெரிந்திருந்தது.

"அவன்தான்," என்றார். "நம்ம தலைக்கு மேல கீறான்."

அண்ணாந்து பார்த்த அந்த முகத்தில் மழைத் தூறல் விழுந்தது. உதடு ஈயப்பாத்திரத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் ஏழு பேரும் அவரோடு சேர்ந்து மேகத்தைப் பார்த்தோம். உள்ளே அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, தட்டுகளைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

மூன்றாவது சுற்று முடியும்போது மஞ்சள் விமானம் மேற்கே திரும்பியது. சென்னைக்கு இல்லை. நேராக மேற்கே. செங்கல்பட்டைத் தாண்டியது, காஞ்சிபுரத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. போய்ச் சேரும் ஊர் என்ற இடத்தில் சென்னை மறைந்து பெங்களூரு என்று வந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் சாப்பாட்டுக்குக் கலைந்திருந்தார்கள். அதைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

"எறங்கிட்டானா?" என்றார் பாய். குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

நான் செல்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.

"எறங்கிட்டான் பாய்."

"அல்ஹம்துலில்லாஹ்."

"நேரா செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிட்டேன். அங்கேயே பாத்துக்கலாம். வாங்க, நாமளும் போவோம்."

நான்கு மணி நேரமாக அசையாதவர், சொன்ன மாத்திரத்தில் எழுந்தார். எழுந்தவர் இரண்டடி நடந்து என்மேல் சாய்ந்தார். டிரைவர் ஓடிவந்து தூக்கினான். "இத்தக் காலைலயே செஞ்சிருக்கலாமே அண்ணாத்த," என்றான் என்னிடம். பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

அக்கா முன்னால் டிரைவரோடு. பின்னால் பாயின் தலைமாட்டில் மகள், கால்மாட்டில் நான். திருக்கழுக்குன்றம் சாலையில் ஏரித் தண்ணீர் ரோட்டில் ஏறியிருந்தது. வண்டி ஊர்ந்தது. மகளின் செல்பேசி அடித்தது. விமான நிலையத்திலிருந்து அவள் கணவன். அவள் கேட்டாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கேட்டாள். பிறகு வைத்துவிட்டாள்.

"யாரும்மா?" என்றார் பாய், கண்ணைத் திறக்காமல்.

"அவருதான் அத்தா." ஒரு மூச்சு விட்டாள். "தம்பி வெளிய வந்துட்டானாம். ரெண்டு பேரும் கார்ல ஏறிட்டாங்களாம்."

எங்களுக்குள் ஒரு வார்த்தை பேசாமல் ஒப்பந்தம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இல்லாத ஒரு காரை, இல்லாத ஒரு பையனோடு, ஜி.எஸ்.டி. சாலையில் நாங்கள் இருவரும் ஓட்டினோம்.

"எங்க வந்துகினு கீறான்?"

"தாம்பரம்."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"வண்டலூர் தாண்டியாச்சு அத்தா."

"பொத்தேரில மாட்டிக்குவான். காலேஜ் பசங்க குறுக்க குறுக்க வரும். பாலத்து மேல ஏறச் சொல்லு."

"சொல்லிட்டேன்," என்றேன். என் தொழிலே கட்டுக்கதை. ஒரு வாசகன் இவ்வளவு நம்பிக் கேட்டு, வழியில் இருக்கும் நெரிசலைக்கூடத் தானே சேர்த்துக்கொண்டது அதுவரை நடந்ததில்லை. அன்று அந்தக் கதை வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் ஊர்கள் மிகக் குறைவு. நான் மறைமலைநகரில் இரண்டு சிக்னல் போட்டேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்வே கேட்டை மூடினேன்.

இரண்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. இளம் டாக்டர் ஒருவர் ஈ.சி.ஜி. காகிதத்தைப் பார்த்தபடி, "வலி எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"காலைல ஆறு மணிக்கு," என்றாள் மகள்.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

படித்தவன் என்ற தோரணையில் நான்தான் முன்னால் நின்றேன். என்னிடம் எல்லாக் கேள்விக்கும் எப்போதும் ஒரு பதில் இருக்கும். விமானம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடைப்பை நீக்க உடனே உள்ளே கொண்டுபோக வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் இருந்த பாய் கையை உயர்த்தினார். "பையன் வந்து போடட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நர்ஸ் உட்பட.

"பாய், அவன் பரனூர் டோல்கேட்டுக்கு வந்துட்டான். வரிசைல நிக்கிறான். பத்து நிமிஷம். நீங்க உள்ள போங்க, வெளிய வரும்போது கதவாண்ட நிப்பான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிறகு மகளிடம், "நீயே போட்டுடுமா," என்றார். "அவன் வந்தா மொதல்ல சாப்டச் சொல்லு. பசி தாங்க மாட்டான்." கதவு மூடியது.

மூன்று மணிக்குப் பையன் என்னைக் கூப்பிட்டான். "அங்கிள், அத்தா ஃபோனே எடுக்கல. எங்கள பெங்களூர்ல எறக்கி வுட்டாங்க, செம பேஜாரு. லேட் ஆவும்னு அத்தாகிட்ட சொல்லிடுங்க, இல்லன்னா சாப்டாம ஒக்காந்துகினு இருக்கும்."

அவனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. அத்தாவுக்கு நெஞ்சுவலி, செங்கல்பட்டில் இருக்கிறோம், அடுத்த விமானத்துக்குக் காத்திராமல் டாக்ஸி பிடித்துக் கிளம்பு என்றேன். நாலேகாலுக்கு டாக்டர் வெளியே வந்தார். அடைப்பைத் திறந்துவிட்டதாகவும், ஆனால் இதயம் ரொம்ப நேரம் பட்டினி கிடந்துவிட்டதாகவும் சொன்னார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

ஆறே முக்காலுக்கு பாய் இறந்துபோனார்.

பையன் அப்போது ஓசூரில் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டான். எப்படி இருக்கிறார் என்றான். அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "தூங்கறார்," என்றேன். மழையில், தனியாக, முன்பின் தெரியாத டிரைவரோடு வரும் ஒருவனிடம் அதைத் தவிர வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஏழரைக்கு மறுபடி அடித்தது. கிருஷ்ணகிரி டோல்கேட் வந்துவிட்டதாம். டிரைவரை மிரட்டி வேகமாக ஓட்டச் சொல்லியிருக்கிறானாம்.

"முழிச்சிகினு இருந்தா ஃபோன அத்தாகிட்ட குடுங்க அங்கிள். ஒரு வார்த்த பேசிக்கறேன்."

நான் மகளைப் பார்த்தேன். மகள் என் கையிலிருந்து செல்பேசியை வாங்கினாள்.

"டேய். அத்தா தூங்குது. நீ எங்கனா நிறுத்தி ஏதுனா சாப்டு. டிரைவரையும் சாப்டச் சொல்லு." சுவரோரம் இருந்த அக்காவைப் பார்த்தாள். "மழைல வேகமா வராத. மெதுவா வா. அவசரம் ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம், டோல்கேட்டில் யாரோ விடாமல் ஹாரன் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.